ரிவால்வரா, பிஸ்டலா? வில்லியனூர், பாகூரில் துப்பாக்கி லைசென்ஸ் யோசிப்பவர்கள் முதலில் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஊரில் ஒரு அரசியல் கொலை நடந்தாலோ, தனியாக இருந்த பண்ணை வீட்டில் கொள்ளை என்று செய்தி வந்தாலோ போதும். "நாமளும் ஒரு லைசென்ஸ் போட்டு வெச்சுக்கலாமா?" என்ற பேச்சு கிளம்பிவிடும். அடுத்த கேள்வி உடனே வரும்: "வாங்கினா ரிவால்வரா, பிஸ்டலா?"

யூடியூபில் இதற்குப் பதில் சொல்லும் வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே கடைக்குப் போனால் நூறு மாடல் இருக்கும். வில்லியனூர், பாகூர் கொம்யூனில் இருக்கும் ஒருவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அவர் எதை வாங்கலாம் என்பதைச் சட்டம் பெரும்பாலும் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. அது எப்படி, மிச்சம் இருக்கும் தேர்வு எது, அந்தத் துப்பாக்கியால் இங்கே உண்மையில் எவ்வளவு பயன்? பார்க்கலாம்.

முதலில், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பழைய தமிழ்ப் படங்களில் வில்லன் கையில் இருக்கும், நடுவில் உருண்டையான சிலிண்டர் உள்ள துப்பாக்கிதான் ரிவால்வர். அந்த உருளையில் வழக்கமாக 6 அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு தோட்டா. ஒருமுறை சுட்டதும் உருளை சுழன்று அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும்.

'டபுள் ஆக்‌ஷன்' என்றால்? ட்ரிக்கரை ஒரே இழுப்பாக இழுத்தால் இரண்டு வேலை நடக்கும். பின்னால் இருக்கும் சுத்தியல் தானாகப் பின்வாங்கும், உருளையும் சுழலும். இழுப்பு முடியும் இடத்தில் சுத்தியல் விடுபட்டு தோட்டாவின் பின்பக்கத்தை அடிக்கும். இந்த வேலை முழுவதையும் செய்வது உங்கள் ஒற்றை விரல். அதனால் ட்ரிக்கர் கனமாக இருக்கும், ஏறக்குறைய 5 கிலோ எடையை விரலால் இழுப்பது மாதிரி. தெரியாமல் கை பட்டு வெடிக்கும் வாய்ப்பு இதனால் குறைகிறது. அதே கனம்தான் குறியையும் கெடுக்கும். பழக்கம் இல்லாதவர் இழுக்கும்போது குழல் முனை கீழேயோ பக்கவாட்டிலோ நகர்ந்துவிடும்.

செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டல் தட்டையாக இருக்கும். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் அடுக்கி இருக்கும். சுட்டதும் வரும் பின்னுதைப்பையே அது வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் போய் காலிக் கூட்டை வெளியே தள்ளும். ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை ட்ரிக்கரை இழுக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் சரமாரியாகச் சுடுவது வேறு ரகம், அது பொதுமக்களுக்குக் கிடையவே கிடையாது.

உலகம் எப்போது பிஸ்டலுக்கு மாறியது?

போலீஸ் உலகில் அடிக்கடி சொல்லப்படும் தேதி 1986 ஏப்ரல் 11. அமெரிக்காவின் மயாமியில் இரண்டு கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் 8 பேர் மடக்கினார்கள். ஏஜெண்டுகளில் பெரும்பாலானோர் கையில் ரிவால்வர். தோட்டா தீர்ந்தபோது, கையில் காயத்தோடு ஒவ்வொரு குண்டாக மறுபடி நிரப்புவது கிட்டத்தட்ட முடியாத காரியமாகிவிட்டது. ஏஜெண்டுகள் 2 பேர் இறந்தார்கள், கொள்ளையர் இருவரும் கொல்லப்பட்டார்கள். உண்மையில் அன்று அதிக சேதம் செய்தது கொள்ளையன் கையில் இருந்த ரைஃபிள். ஆனாலும் 'ஆறு குண்டு பத்தாது' என்ற பாடம்தான் பரவியது. அதற்கு 4 ஆண்டுகள் முன்பே, 1982-ல், ஆஸ்திரியாவின் க்ளாக் 17 வந்துவிட்டது. பிளாஸ்டிக் உடல், மேகசினில் 17 தோட்டா. அதன் பிறகு பல நாட்டு போலீசும் அந்தப் பக்கம் சாய்ந்தன.

புதுச்சேரியோடு பழைய தொடர்புள்ள பிரான்சிலும் இதே கதைதான். அங்கே ஜி.ஐ.ஜி.என். என்ற சிறப்புப் படை, மனூரின் எம்.ஆர். 73 என்ற ரிவால்வரைத் தேர்ந்தெடுத்தது. தினமும் நூற்றுக்கணக்கில் கனமான .357 மேக்னம் தோட்டா சுட்டாலும் தாங்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தாங்கியது. டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரின் தரத்துக்கு உச்சம் எது என்று கேட்டால் இன்றும் அந்தப் பெயரைச் சொல்பவர்கள் நிறைய. அப்படிப்பட்ட நாட்டிலேயே சாதாரண போலீசுக்கு 2000-களில் சிக் நிறுவனத்தின் பிஸ்டல் வந்துவிட்டது.

இந்தியாவிலும் வெப்ளி ரிவால்வரை இடுப்பில் மாட்டிய இன்ஸ்பெக்டர் பழைய படங்களோடு போய்விட்டார். இப்போது அதிகாரிகள் கையில் பெரும்பாலும் 9 எம்எம் பிஸ்டல். இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை தயாரிக்கும் 9 எம்எம் பிஸ்டலின் மேகசினில் மட்டும் 13 தோட்டா இருக்கும். ரிவால்வரைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்போ லைசென்ஸ்காரர்களும் பிஸ்டல்தானே வாங்கணும்?

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. போலீசும் ராணுவமும் பயன்படுத்தும் 9 எம்எம், .380, .455 போன்ற அளவுகள் 'தடை செய்யப்பட்ட போர்' பட்டியலில் வருகின்றன. சாதாரண ஆள் அவற்றை வைத்திருக்க முடியாது. அனுமதியில்லாமல் வைத்திருந்து மாட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. க்ளாக் வாங்கலாமா என்ற கேள்வி இதோடு முடிந்தது. வெளிநாட்டு இறக்குமதியும் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து தனியாருக்கு மூடிக் கிடக்கிறது. பழைய வெளிநாட்டு ரிவால்வர் ஒன்று கைமாறும்போது கண்ணைக் கட்டும் விலை சொல்லப்படுவதற்கு இதுதான் காரணம், அதன் தரம் மட்டுமல்ல.

மிச்சம் இருப்பது பெரும்பாலும் பாயிண்ட் 32. இதில் கான்பூர் தொழிற்சாலைகளின் ரிவால்வர்களும் உண்டு, 'அஷானி' என்ற பிஸ்டலும் உண்டு. இன்னும் சின்னதாக .22 அளவில் 'நிடர்' ரிவால்வர், எடை 250 கிராம்தான். உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோயில் வெப்ளி நிறுவனமும் ரிவால்வர் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறது.

இதில் ஒரு ஆபத்தான குழப்பம் இருக்கிறது, கவனம். ரிவால்வருக்கான .32 தோட்டாவும் பிஸ்டலுக்கான .32 தோட்டாவும் ஒன்றல்ல. ரிவால்வர் தோட்டாவின் அடியில் விளிம்பு நன்றாக வெளியே நிற்கும், நீளமும் அதிகம். பிஸ்டல் தோட்டா குட்டை, ஆனால் உள்ளே அழுத்தம் அதிகம். "ரெண்டும் முப்பத்திரண்டுதானே" என்று மாற்றிப் போட்டால் உயிருக்கே உலை.

இந்திய ரிவால்வரின் தரம் எப்படி?

கான்பூரின் பழைய .32 ரிவால்வர், பிரிட்டிஷ் காலத்து வெப்ளி மார்க் 4 வடிவத்தைப் பின்பற்றியது. நடுவில் கீல் வைத்து, குழலைக் கீழே மடக்கித் தோட்டா போடும் அமைப்பு. மடக்கியதும் ஆறு காலிக் கூடுகளும் ஒரே நேரத்தில் மேலெழும்பி வரும், அது வசதி. ஆனால் உடல் இரண்டு துண்டாக இருப்பதால் பலமான தோட்டாவைத் தாங்காது. .32 தோட்டா மென்மையானது என்பதால் வண்டி ஓடுகிறது.

2014-ல் வந்த 'நிர்பீக்' இதன் எடை குறைந்த வடிவம். டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு, பெண்களுக்கான துப்பாக்கி என்று விளம்பரம் செய்யப்பட்டது. டைட்டானியம் கலவை, எடை சுமார் அரை கிலோ. விலை அப்போதே சுமார் 1.22 லட்சம் ரூபாய்! பெண்கள் பாதுகாப்புக்கு என்று சொல்லி, ஒரு நர்ஸோ கடை ஊழியரோ நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விலை வைத்தது அன்றே கேலிக்கு ஆளானது. அந்தக் கேலி நியாயமானதுதான். எடை குறைந்த துப்பாக்கிக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. தூக்க எளிது, ஆனால் சுடும்போது கை அதிகமாக உதறும்.

2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து 'பிரபல்' வந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் முதல் இந்திய ரிவால்வர் இதுதான் என்று சொல்லப்பட்டது. உடல் ஒரே துண்டாக இருக்க முடிவதால் இது உறுதியான அமைப்பு. 50 மீட்டர் வரை சுடும் என்பது விளம்பரம். வீட்டுக் கூடத்தில் எதிரி நிற்கும் தூரம் 5 மீட்டர் கூட இருக்காது, அந்த 50 பேப்பரில் இருக்கும் எண். பக்கவாட்டில் திறக்கும் சிலிண்டரைக் கோல்ட் நிறுவனம் 1889-லேயே கொண்டுவந்துவிட்டது. பிரெஞ்சு ராணுவ அதிகாரிகளின் 1892 மாடல் ரிவால்வரிலும் அது இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்துத் தொழில்நுட்பம் 2023-ல் கான்பூரில் 'புதுசு' ஆகியிருக்கிறது. தாமதம்தான், ஆனாலும் முன்னேற்றம்.

புதுச்சேரி, பிஸ்டல், 1911

பிஸ்டல் புதுச்சேரி மண்ணுக்குப் புதிதல்ல. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங் பிஸ்டல். அவருக்குத் துப்பாக்கி சுடப் பழக்கியது புதுச்சேரியில் தங்கியிருந்த வ.வே.சு. ஐயர். லண்டனிலிருந்து சாவர்க்கர் 1909-ல் இந்தியாவுக்கு ரகசியமாக அனுப்பியதும் 20 பிரௌனிங் பிஸ்டல்கள். ரிவால்வர் பரவலாக இருந்த காலத்தில் ஏன் பிஸ்டல்? தட்டையாக இருப்பதால் சட்டைக்குள் மறைவது எளிது, அடுத்தடுத்துச் சுடலாம்.

1899 வாக்கில் அந்த பிரௌனிங் பிஸ்டலோடு சேர்ந்து உருவானதுதான் 7.65 மி.மீ. தோட்டா, அதாவது .32 ஏ.சி.பி. இன்று இந்தியாவில் லைசென்ஸோடு கிடைக்கும் பிஸ்டலும் நம்பியிருப்பது அதே தோட்டாவைத்தான்.

பீரோவில் பூட்டி வைக்கும் துப்பாக்கிக்கு எது சரி?

கிராமத்தில் லைசென்ஸ் துப்பாக்கியின் வாழ்க்கை எப்படி இருக்கும்? வாங்கிய வாரம் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு பீரோ. தேர்தல் வந்தால் வெளியே வரும், ரெனியூவல் வந்தால் வெளியே வரும். மற்றபடி தூக்கம்தான்.

இந்தத் தூக்கத்துக்கு ரிவால்வர் கொஞ்சம் ஒத்துவரும். மேகசின் ஸ்பிரிங் இல்லை. சிலிண்டரைத் திறந்தால் எந்த அறையில் தோட்டா இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் ட்ரிக்கரை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வரும். பிஸ்டலில் அப்படி ஆனால் ஸ்லைடை இழுத்துக் கெட்ட தோட்டாவை வெளியேற்ற வேண்டும். பழகாத கைக்கு, பதற்றத்தில், இருட்டில் அது வராது. இன்னொன்று முக்கியம். மேகசினைக் கழற்றிவிட்டால் பிஸ்டல் காலி என்று நினைப்பவர்கள் பலர். அறைக்குள் ஏற்கனவே ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். 'காலின்னு நினைச்சேன்' என்று ஆரம்பிக்கும் விபத்துச் செய்திகள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்த ஒற்றைத் தோட்டாதான்.

அதற்காக 'ரிவால்வர் மக்கர் பண்ணவே பண்ணாது' என்ற பேச்சை நம்ப வேண்டாம். சிலிண்டருக்கு அடியில் தூசியோ துருவோ சேர்ந்தால் அது சுழலாது. பிஸ்டல் சிக்கினால் தெரிந்தவர் சில நொடிகளில் சரிசெய்வார். ரிவால்வர் சிக்கினால் பெரும்பாலும் கருவியோடு உட்கார வேண்டும். பராமரித்து, பழகி, நல்ல தோட்டா போட்டால் இன்றைய நல்ல பிஸ்டல் ரிவால்வருக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பராமரிக்காத வீட்டில் ரிவால்வர் கொஞ்சம் அதிகம் பொறுத்துப் போகும், அவ்வளவுதான்.

பாகூரிலிருந்து கடல் பக்கம். உப்புக் காற்று இரும்பை விடாது. 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. வில்லியனூரில் சங்கராபரணி கரை புரண்டது. தண்ணீரில் ஊறிய தோட்டா வெளியே பளபளப்பாகவே இருக்கும். உள்ளே மருந்து நமத்துப் போயிருந்தால் சுடும்போது 'புஸ்' என்ற சத்தம் மட்டும் வரும், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். வெள்ளம் பார்த்த தோட்டாவை வைத்துக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ போலீஸ் நிலையத்திலோ கேட்டு ஒப்படைத்துவிடுங்கள். துப்பாக்கியைத் துணியிலோ தோல் உறையிலோ சுற்றி வைப்பதும் தப்பு, ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

இங்கே நடக்கும் வன்முறைக்கு இது பதிலா?

2023 மார்ச்சில் வில்லியனூரில் பா.ஜ.க. பிரமுகர் ஒருவர் கொல்லப்பட்டார். வந்த கும்பல் முதலில் நாட்டு வெடிகுண்டு வீசியது, பிறகு அரிவாளால் வெட்டியது. 2017 ஜனவரியில் காரைக்கால் பகுதி நிரவியில் முன்னாள் சபாநாயகர் வி.எம்.சி. சிவக்குமார் கொல்லப்பட்டதும் இதே பாணிதான். புதுச்சேரி அரசியல், ரவுடி மோதல்களின் ஆயுதம் துப்பாக்கி இல்லை. நாட்டு வெடிகுண்டும் அரிவாளும்தான்.

புகையும் சத்தமுமாக வெடிகுண்டு விழுந்த அடுத்த நொடி, பல பேர் கைக்கு எட்டும் தூரத்தில் வரும்போது, பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் குறிவைக்க எத்தனை பேரால் முடியும்? தினமும் பயிற்சி எடுக்கும் போலீசுக்கே அது கஷ்டம். ஆறு குண்டா, எட்டு குண்டா என்ற விவாதத்துக்கே அங்கே நேரம் இருக்காது. மிரட்டல் உண்மையிலேயே இருக்கிறது என்றால், புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குவதும், வீட்டு வாசலில் வெளிச்சமும் கேமராவும் போடுவதும், ஒரே நேரத்தில் ஒரே வழியில் போய்வருவதைத் தவிர்ப்பதும் .32-ஐவிட அதிகம் உதவும். பயிர் பாதுகாப்பு என்று கேட்பவர்களுக்கும் கைத்துப்பாக்கி பொருந்தாது, அதற்குக் கேட்பது நீண்ட குழல் துப்பாக்கிதான்.

எல்லை தாண்டினால் சிக்கல்

இது புதுச்சேரிக்காரர்களுக்கே உரிய தலைவலி. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் ரோட்டில் மதகடிப்பட்டு போகிறீர்கள். அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. திருபுவனை வந்தால் மறுபடி புதுச்சேரி. பாகூரிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் கொஞ்ச நேரத்தில் கடலூர் மாவட்டம்.

உங்கள் லைசென்ஸில் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். புதுச்சேரிக்குள் மட்டும் என்று இருந்தால், இடுப்பில் துப்பாக்கியோடு அந்த நாலு கிலோமீட்டரைக் கடப்பதே சட்டச் சிக்கல். பஸ்ஸில் தூங்கிப்போனால்கூட எல்லை தாண்டிவிடும் ஊர் இது. வாங்குவதற்கு முன் இந்த ஒரு வரியைக் கவனியுங்கள்.

லைசென்ஸ் வாங்க என்ன செய்யணும்?

வயது 21 முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில், முடிவு எடுப்பது மாவட்ட நிர்வாகம். உயிருக்கோ சொத்துக்கோ நிஜமான தேவை இருப்பதைக் காட்ட வேண்டும். உள்ளூர் போலீஸ் விசாரித்து அறிக்கை தரும். மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று, பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி, எல்லாம் வேண்டும். பயிற்சிச் சான்றை ஒரு சம்பிரதாயமாக நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். மேலே சொன்ன கனமான ட்ரிக்கர் விஷயம் அங்கே ஒரு பெட்டி தோட்டா சுட்டால்தான் புரியும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு 3. லைசென்ஸ் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக ஆகியிருக்கிறது. கல்யாணம், கோயில் திருவிழா, கட்சி ஊர்வலம் என்று வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

தாத்தாவோட துப்பாக்கி வீட்டில் இருந்தால்?

கிராமங்களில் அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். லைசென்ஸ் தாத்தா பெயரில். அவர் காலமாகிவிட்டார். துப்பாக்கி பரணில். "நாங்க தொடறதே இல்லைங்க" என்பது சட்டத்தின் முன் செல்லாது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

என்ன செய்யலாம்? முதலில் தாமதிக்காமல் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது: அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தான் சொல்லும் வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கலாம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டதா? இந்த வேலையை அவர் இருக்கும்போதே முடிப்பது சுலபம்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். யார் ஒப்படைக்க வேண்டும், வங்கிக் காவலர்கள் போன்ற யாருக்கு விலக்கு என்பது அந்த உத்தரவிலேயே இருக்கும். ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை இரண்டும் ரசீதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். திரும்ப வாங்கும்போது அந்த ரசீது கையில் இருக்க வேண்டும்.